டிஎஃப்பா, டியூவா? டிஸ்க் நிரம்பி டெஸ்ட் விழும்போது

டிஸ்க் நிரம்பியதால் விழும் மென்பொருள் டெஸ்ட் அதை நேராகச் சொல்வது குறைவு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் 95 சதவீதத்தைத் தாண்டினால், வழக்கமான அமைப்பில் அது தரவு இருக்கும் இண்டெக்ஸ்களில் எழுத விடாது. டெஸ்ட் அறிக்கையில் தெரிவதோ, 10 பதிவு வரவேண்டிய இடத்தில் 0. டெவலப்பர் பாவம், நிரலைக் குடைந்துகொண்டிருப்பார்.

லாக்கில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' கண்ணில் பட்டுவிட்டால் அதிர்ஷ்டம். லினக்ஸில் உடனே கை போவது டிஎஃப், டியூ என்ற இரண்டு கட்டளைகளுக்கு. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடமே மொத்தக் கணக்கைக் கேட்டு நொடியில் சொல்லும். இடத்தைத் தின்றது யார் என்று மட்டும் சொல்லாது. டியூ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து கூட்டிப் பார்த்து ஆளைக் காட்டும். ஆனால் குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் கிடந்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இரண்டும் முரண்படும்போதுதான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை எனக்கு 40 ஜிபி டிஸ்க் முழுக்க நிரம்பிவிட்டது என்றது டிஎஃப்; டியூ கூட்டியதோ 22 தான். முந்தைய ஓட்டத்தில் கிளம்பிய டெஸ்ட் சர்வர் ஒன்று சாகாமல் இருந்தது. அதன் லாக் கோப்பைத் துப்புரவு ஸ்கிரிப்ட் அழித்துவிட்டது, சர்வரோ அதைத் திறந்தே வைத்திருந்தது. அப்படிப்பட்ட கோப்புக்குப் பெயர் போய்விடும், இடம் போகாது. டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடப்பதால் அதற்குத் தெரியாது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிக்கொடுத்தது; அந்த ப்ராசஸைக் கொன்றதும் 18 ஜிபி திரும்பி வந்தது.

சரி, அப்படியானால் டிஎஃப்தான் நம்பகமா? அதுவும் ஏமாற்றும். பாதி டிஸ்க் காலி என்று காட்டும், எழுதப் போனால் அதே பிழை வரும். காரணம், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடமான ஐநோடு தீர்ந்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு. 40 ஜிபிக்குச் சுமார் 26 லட்சம் கோப்புகள்தான். பல பிராஞ்சுகளின் நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் இறங்கும் ஃபோல்டர்) குவிந்தால் அதை நெருங்கிவிடலாம். டிஎஃப்புக்கு ஹைஃபன் ஐ சேர்த்தால் இந்தக் கணக்கு தெரியும்.

டாக்கரின் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும் டெஸ்ட் என்றால், டிஎஃப்பை அதற்கு உள்ளே ஓட்டுங்கள். அங்கே பகிர் நினைவகத்துக்கான இடம் சாதாரணமாக 64 எம்பி மட்டுமே. குரோம் பிரவுசர் பாதியில் சாவது பல நேரம் அதனால்தான். வெளியே ஹோஸ்ட் மெஷினில் எத்தனை ஜிபி இருந்தும் பிரயோஜனமில்லை. அப்புறம், கோப்பு மாறுகிறதா என்று கண்காணிக்கும் ஃபைல் வாட்ச் எண்ணிக்கை வரம்பைத் தொட்டாலும் லினக்ஸ் இதே பிழையை, அதாவது எண் 28-ஐத் தரும். அதற்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டு கட்டளையும் உதவாது.

டெஸ்டைத் தானாக ஓட்டும் பைப்லைனில் எதை வைப்பது என்றால் என் ஓட்டு டிஎஃப்புக்கு. டெஸ்ட் விழுந்ததும், துப்புரவு தொடங்கும் முன்னே, இட அளவையும் ஐநோடையும் லாக்கில் அச்சிடச் சொல்லுங்கள். பிறகு நாம் பார்க்கப் போகும்போது தற்காலிகக் கோப்புகள் அழிந்து, டிஸ்க் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் இருக்கும். பதறிப்போய், பயன்படாதவற்றை அழிக்கும் டாக்கர் ப்ரூனை ஓட்டுவதும் தடயத்தை அழிக்கும் வேலைதான். டியூவை நாமே மெஷினில் உட்கார்ந்து தேடும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; ஹைஃபன் எக்ஸ் சேர்த்தால் அங்கே இணைத்திருக்கும் வேறு ஃபைல் சிஸ்டங்களுக்குள் போய் அலையாது.