மரம் ஏறும் சாமான்கள்: ஒன்பது வருடத்தில் எது தேய்ந்தது, எது மிஞ்சியது

மரம் ஏறும் வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த ஹார்னஸ் வாங்கலாம்?" என்பதுதான். இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு கயிற்றில் தொங்க உதவும் பட்டை அது. நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தேன். கயிற்றில் தொங்கிக் கவாத்து செய்யும் வேலைக்கு இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம் வாங்கியதில் இன்றும் கூட வருவது இரண்டு காரபைனர் கொக்கிகளும் ஒரு கப்பியும் மட்டுமே. நூலால் ஆனது எதுவும் மிஞ்சவில்லை.

முதல் ஹார்னஸை மெத்தையைப் பார்த்து வாங்கினேன். இடுப்புப் பட்டை மெத்தென்று இருந்தது, கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்தபோது சொகுசாகவும் இருந்தது. நின்றுகொண்டு மாட்டினால் எல்லா ஹார்னஸும் சொகுசுதான். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அரைமணி நேரம் தொங்கிப் பார்த்தால்தான் தொடைப் பட்டை எங்கே அறுக்கிறது என்று தெரியும். ஆனால் மெத்தையைவிட முக்கியமானது முன்பக்கம் குறுக்கே வரும் குட்டிக் கயிறு. பிரிட்ஜ் என்போம். நம் முழு எடையும் அதில் ஓடும் ஒரு வளையத்தில்தான் நிற்கிறது. ஒருநாள் மதியம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது தற்செயலாக அதைத் திருப்பிப் பார்த்தேன். வளையம் வழக்கமாக நிற்கும் இடத்தில் மேலுறை பஞ்சாகப் பிரிந்து, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. காலையிலிருந்து அதில்தான் தொங்கியிருக்கிறேன்! அன்றிலிருந்து, பிரிட்ஜை நாமே கழற்றி மாற்ற முடியாத ஹார்னஸ் எனக்கு வேண்டாம். போட்ட தேதியை மார்க்கரால் எழுதி வைத்து, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

கயிறு விஷயத்தில் 13 மில்லிமீட்டரில் தொடங்கி, 11.7-க்கு இறங்கி, இப்போது 12-க்கு அருகில் வந்து நிற்கிறேன். மெல்லிய கயிறு பையில் இலகு, ஆனால் நாள் முழுக்கப் பிடித்தால் விரல் இறுகிப்போகிறது. அதிகம் இழுபடாத கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1891, அதில் 'ஏ' வகை என்று போட்டிருக்க வேண்டும். பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் இழுபடும் கயிற்றில் மரம் ஏறினால் பாதி உழைப்பு கயிற்றை நீட்டுவதிலேயே போய்விடும். மரப்பால் ஒட்டினால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு அலசி, நிழலில் காயவைக்கிறேன். செயின்சா பெட்ரோல் இருக்கும் பெட்டியில் கயிற்றைப் போடுவதே இல்லை.

அடுத்தது முடிச்சு. ஏறும் கயிற்றை இறுகப் பிடித்து நம்மைத் தாங்குவதும், இறங்கும்போது நழுவவிடுவதும் அதுதான். நான் கற்றது பிளேக்ஸ் முடிச்சு. வேறு சாமான் எதுவும் வேண்டாம், ஏறும் கயிற்றின் வாலையே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கற்பதற்கு இதைவிட நல்ல முடிச்சு இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் சூடாகும். இரண்டாம் வருடம், மழை வருகிறதே என்று உச்சியிலிருந்து ஒரே வேகத்தில் இறங்கினேன். கீழே நின்ற தம்பி முடிச்சைத் தொட்டவன் கையை உதறினான். "அண்ணே, அடுப்பு மாதிரி சுடுது!" அவிழ்த்துப் பார்த்தால் நூல் உருகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும், உராய்வில் அந்தச் சூடு வருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அந்த வாலை வெட்டி எறிந்தேன்.

பிறகு தனி நூலில் போடும் விடி (வால்டோடேன் ட்ரெஸ் என்பதன் சுருக்கம்) முடிச்சுக்கு மாறினேன். இரண்டு முனையிலும் வளையக் கண் வைத்த, 8 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு அது. சூடு தாங்கும் அரமிட் இழை கலந்ததால் எளிதில் உருகாது. கையால் லேசாக அழுத்தினால் இறங்கும், விட்டால் பிடிக்கும். ஆனால் அரமிட் திரும்பத் திரும்ப வளைந்தால் நலியும், வெயிலிலும் வலுவிழக்கும். வெளியே பார்க்கப் புதுசாகவே இருக்கும், அதனால் கண்ணை நம்பாமல் நாளைக் கணக்கு வைத்து மாற்றுங்கள்.

நான்காம் வருடம் ஒற்றைக் கயிறு முறைக்குப் போனேன். பழைய முறையில் கயிறு கிளையின் மேல் ஓடும், எடையில் பாதிதான் முடிச்சுக்கு வரும். ஒற்றைக் கயிற்றில் கயிறு அசையாது, முழு எடையும் முடிச்சில் விழுந்து இறுகிக்கொள்ளும். அதற்குத்தான் ரோப் ரெஞ்ச்: முடிச்சுக்கு மேலே உட்கார்ந்து உராய்வில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. காலிலும் முழங்காலிலும் கயிற்றைக் கவ்வும் ஏறுபிடி மாட்டிவிட்டால் படியேறுவதுபோல் ஏறலாம். என் தோள்பட்டை இன்னும் உருப்படியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கை. கயிற்றை மேலே கவட்டையில் போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், கவட்டையின் மேல் விழுவது கிட்டத்தட்ட இரட்டிப்பு எடை. 70 கிலோ ஆள் ஏறினால் கவட்டை சுமக்கப்போவது ஏறக்குறைய 140. ஏறும்முன் நாங்கள் இருவர் சேர்ந்து தொங்கிக் குலுக்கிப் பார்ப்போம். அந்தக் கவட்டைக்குக் கயிறு போய்ச் சேர்வதே தனிக் கூத்து. மெல்லிய நூல் கட்டிய 340 கிராம் எறிபையை முதலில் வீசி, அந்த நூலால் கயிற்றை இழுக்க வேண்டும், வீசினால் நாம் நினைக்காத கிளையில்தான் அது மாட்டும்.

ஹெல்மெட்டுக்குத் தாடைப் பட்டை இருக்கட்டும், அவ்வளவுதான்.

வாள் என்றால் எனக்குச் சில்க்கி வகை, இழுக்கும்போது மட்டும் அறுக்கும் வளைந்த கைவாள். வெண்ணெயில் போவதுபோல் போகும். கயிற்றிலும் அப்படித்தான் போகும். இறுகி நிற்கும் கயிற்றில் பல் லேசாகப் பட்டாலே போதும், மேலுறை பிளந்துவிடும். எனக்கு ஒருமுறை பட்டது. அன்று இடுப்புக் கயிற்றையும் மரத்தைச் சுற்றிப் போட்டிருந்ததால் இதை எழுத முடிகிறது. கைவாளோ செயின்சாவோ, அறுக்கும்போது இரண்டு பிடிப்பு இல்லாமல் இருப்பதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, யாரும் மதிப்பெண் போடாத சாமானைச் சொல்லாமல் விட்டால் எப்படி? கயிறு தொங்குவது மரத்தில். ஏறும்முன் அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். வேருக்கு அருகே தட்டுத்தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே மக்குகிறது. கவட்டையின் நடுவே பட்டை உள்நோக்கி மடிந்திருந்தால் அந்த இரண்டு தண்டும் ஒட்டவே இல்லை, சும்மா நெருங்கி நிற்கின்றன. காலில் கட்டும் இரும்பு முள் வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான். உயிரோடு நிற்கப்போகிற மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

கிளை வெட்டுவதில் நான் முதலில் செய்தது தப்பு. தண்டோடு ஒட்ட, வழவழவென்று அறுத்து, மேலே பெயின்ட் பூசினேன். பார்க்க அழகாக இருந்தது. அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977-லேயே விளக்கிவிட்டார்: மரத்தின் காயம் நம் தோல்போல் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பிக்கொள்கிறது. கிளை தண்டில் சேரும் இடத்தில் வீங்கியிருக்கும் கழுத்தில் அந்த ஏற்பாடு இருக்கிறது. அதை அறுத்துவிட்டால் பெயின்ட் எதையும் காப்பாற்றாது. இப்போது பாரமான கிளையில் ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, இன்னும் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழவைத்து, மிச்சக் குச்சியைக் கழுத்துக்கு வெளியே எடுக்கிறேன். பட்டை கிழியாது. "உச்சியை மொட்டையடித்துவிடுங்கள்" என்று கேட்பவர்களிடம் மறுத்துவிடுகிறேன், அதில் கிளம்பும் புதுக்கிளைகள் மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, காற்றில் பிய்ந்து விழும்.

போன வருடம், முதல் வருடத்தில் நான் வெட்டிய ஒரு மரத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். என் பழைய வழவழப்பான வெட்டு ஒன்று பொந்தாகியிருந்தது. மரச்சுத்தியலால் தட்டினேன், மத்தளம்போல் ஒலித்தது. அதற்கு ஒரு சாண் மேலேதான் கயிறு போட வாட்டமான கவட்டை. எறிபையை எடுத்துக்கொண்டு மரத்தின் மறுபக்கம் போனேன்.