சுங்கை சிப்புட் பக்கம் நாய்ச் சாப்பாடு வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

"நாய்க்கு வீட்டுச் சமையல், உப்பில்லை, வெங்காயமில்லை" என்று வாட்சாப்பில் வந்தால் உடனே காசு அனுப்பிவிடாதீர்கள். நான் 150 வெள்ளி முன்பணம் கட்டி ஏமாந்தேன்.

எங்கள் கறுப்பன் தோட்டத்து நாய். லயத்தைக் காலி செய்து தாமானுக்கு வந்த அன்று லாரிக்குப் பின்னாலேயே ஓடி வந்தவன். 12 கிலோ. இப்போது பல் போய்விட்டது, பிஸ்கட் கடிக்க முடியவில்லை. எனக்கு ஷிஃப்ட் வேலை. அந்த நேரம் பார்த்து இந்த விளம்பரம்: கோழி, ஈரல், பூசணி, சோறு, பொட்டலம் 5 வெள்ளி.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு பொட்டலத்தில் கறிவேப்பிலை. கேட்டதற்கு, "எங்க வீட்டுக் கறியிலேர்ந்து விழுந்திருக்கும் அண்ணே" என்றார். நம்பினேன். இன்னொரு நாள் பட்டைத் துண்டு. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கறுப்பன் தட்டை நக்கி நக்கித் தின்றதால் விட்டுவிட்டேன். மசாலா வாசனைக்கு எந்த நாய் வாலாட்டாது?

18ஆம் நாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி. மூத்திரம் கோப்பி ஓ நிறம். ஈப்போவுக்கு ஓடினேன். ரத்தத்தில் சிவப்பணு 37 சதவீதத்துக்குக் குறையக் கூடாதாம், இவனுக்கு 22. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வெங்காயம் தின்றானா?"

வீட்டுக்கு வந்து மீதிப் பொட்டலம் ஒன்றைச் சல்லடையில் கொட்டிக் குழாயடியில் அலசினேன். சோறு போனதும் அடியில் தங்கியது வதங்கிய வெங்காயம், கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக, ஒரு கைப்பிடி. கோழித் துண்டில் மஞ்சள் ஏறியிருந்தது. நடுவே எலும்புச் சில்லுகள் வேறு. வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 12 கிலோ நாய்க்கு ஒரே வேளையில் 60 கிராம், அதாவது அரை வெங்காயம் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து அடிக்கும். முறிமருந்து கிடையாது. சலைன் ஏற்றி, நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பில் 640 வெள்ளி.

நேரில் போய்க் கேட்டேன். விருந்துச் சமையலில் மிஞ்சியதை அலசிக் கலந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். "நாய்தானே அண்ணே, அதுக்கு என்ன?" காசு திரும்ப வராதாம்.

இப்போது நானே சமைக்கிறேன். எலும்பில்லாத கோழி, பூசணி, சோறு, உப்பில்லாமல். ஈரல் எப்போதாவது கொஞ்சம்தான், அதிகமானால் வைட்டமின் ஏ ஏறிவிடும். கறியில் கால்சியம் போதாது என்று டாக்டர் முட்டையோட்டைப் பொடித்துச் சேர்க்கச் சொன்னார். ஒரு கிராம் பொடியில் 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும். எவ்வளவு போடுவது என்பதை அவரே எடை பார்த்து எழுதிக் கொடுத்தார். உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

மீதி 12 பொட்டலங்களும் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டுவிட்டேன். அதற்குக் கட்டணமும் 5 வெள்ளிதான்.