நான்கு வாணலிகள், ஓர் அடுப்பு

பாத்திரம் சேர்க்கும் ஆசை உள்ளவர்களிடம் ஒரு விந்தையான குணம் உண்டு. வீட்டில் இல்லாத ஒன்றை வாங்குவதைவிட, ஏற்கெனவே இருப்பதன் இன்னொரு வடிவத்தை வாங்குவதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி அதிகம். என்னிடமும் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, அடி தட்டையான வாணலிகள் நான்கு இருக்கின்றன. ஒன்று வார்ப்பிரும்பு. இன்னொன்று நடுவே அலுமினியத் தகட்டை வைத்து மூன்றடுக்காக அழுத்திச் செய்த எவர்சில்வர். மூன்றாவது, நான்ஸ்டிக் பூச்சிட்ட அலுமினியம். நான்காவது, உட்புறம் வெள்ளீயம் பூசிய செம்பு. நான்கும் செய்வது ஒரே வேலைதானே என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் ஏதோ சொல்லி மழுப்பி வந்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால் நான்கையும் ஒரே அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பத்திலிருந்து தொடங்குவதே முறை. ஓர் உலோகம் வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பதற்கு, மீட்டர் ஒன்றுக்குக் கெல்வின் ஒன்றுக்கு இத்தனை வாட் என்று ஓர் அலகு இருக்கிறது. அந்தக் கணக்கில் செம்பு ஏறத்தாழ 400, அலுமினியம் 235 அளவில், வார்ப்பிரும்பு 50 அளவில், எவர்சில்வர் வெறும் 15 அளவில் நிற்கின்றன. தனி எவர்சில்வர் தகட்டில் செய்த மெல்லிய பாத்திரம் தீ படும் இடத்தில் மட்டும் அடிபிடிப்பதும், அதை ஈடுகட்டத்தான் நல்ல வாணலிகளில் அலுமினியத்தை நடுவே வைக்கிறார்கள் என்பதும் இந்த எண்களிலிருந்தே புலப்படும். அந்த அலுமினியம் அடிப்பகுதியில் மட்டும் ஒரு வட்டமாக ஒட்டப்பட்டிருக்கிறதா, பக்கச்சுவர் வரை ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது; முதல் வகையில், வட்டம் முடியும் விளிம்பில் சாறு கருகுவதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

வார்ப்பிரும்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே சொன்ன எண்கள் அதற்கு நேர்மாறானதைச் சொல்கின்றன. சிறிய தீயின் மேல் வைத்த வார்ப்பிரும்பு வாணலியில் நடுப்பகுதி புகையத் தொடங்கும்போதும் ஓரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மிதமான தீயில் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிட்டால்தான் அது ஓரளவு சமப்படும். அதன் உண்மையான வலிமை, ஏற்றுக்கொண்ட வெப்பத்தை எளிதில் விட்டுக்கொடுக்காமல் இருப்பது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் இரும்பைவிட அலுமினியமே இரண்டு மடங்கு வெப்பத்தைத் தேக்கும். ஆனால் வார்ப்பிரும்பு வாணலி இரண்டு கிலோவைத் தாண்டுகிறது, நான்ஸ்டிக் வாணலியோ ஒரு கிலோவை எட்டுவதே அரிது. ஆகவே, குளிர்ந்த இறைச்சித் துண்டை வைத்தவுடன் மற்ற வாணலிகளின் சூடு சட்டென்று இறங்கிவிட, வார்ப்பிரும்பில் மட்டும் சுறுசுறுவென்ற ஓசை தொய்வில்லாமல் தொடர்கிறது. மேற்புறம் நன்றாகச் சிவந்து முறுகவேண்டிய எதற்கும் இதற்கு இணை கிடையாது.

செம்பு இதற்கு முற்றிலும் எதிரான இயல்புடையது. தீயைக் குறைத்த சில நொடிகளில் கொதி அடங்குகிறது, கூட்டினால் உடனே எழுகிறது. பாகு காய்ச்சும்போதும் முட்டை சேர்த்த குழைவான சாறுகளைக் கிளறும்போதும் இந்தக் கீழ்ப்படிதல் பெரிய துணை. ஆனால் அன்றாடச் சமையலில் எத்தனை முறை அவ்வளவு நுட்பமான கட்டுப்பாடு தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால், எனக்கு விடை சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. மேலும், உட்பூச்சான வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெறும் வாணலியை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போகிறவர்களுக்கு ஏற்ற பாத்திரம் அன்று இது.

இனி ஒட்டும் சிக்கல். வாணலியைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பாலோர் இந்த ஒன்றை வைத்தே முடிவெடுக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. நான்ஸ்டிக் பூச்சின் அடிப்படையான பாலிடெட்ராஃப்ளோரோஎத்திலீன் 1938-ஆம் ஆண்டு ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலாளர் வேறோர் ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது தற்செயலாக அகப்பட்டது. 1950-களில் பிரான்சில் அது வாணலிக்கு வந்தது. முட்டை அதில் வழுக்கிக்கொண்டு தட்டுக்கு வரும் அழகை மற்ற மூன்றும் எட்ட முடியாது. அதற்கான விலையையும் நாம் தருகிறோம். ஏறத்தாழ 260 பாகைக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்குகிறது, மிகையாகக் காய்ந்தால் வெளிவரும் புகை வளர்ப்புப் பறவைகளைக் கொல்லக்கூடியது, உலோகக் கரண்டி பட்டால் கீறல் விழுகிறது. எவ்வளவு பேணினாலும் சில ஆண்டுகளில் அது சாதாரண அலுமினியச் சட்டியாகிவிடும். செராமிக் என்ற பெயரில் வரும் பூச்சுகள் அதைவிடவும் விரைவாக வழுக்கும் தன்மையை இழப்பதே பெரும்பாலும் நடக்கிறது. எனவே, நான்ஸ்டிக்கை நான் சேகரிப்பில் கணக்கிடுவதில்லை. துடைப்பம்போல, தேயும்வரை பயன்படுத்திவிட்டு மாற்றவேண்டிய பொருள் அது. அதிக விலை கொடுத்து வாங்குவதும் இதே காரணத்தால் வீண்.

எவர்சில்வரில் ஒட்டுகிறது என்று குறைப்படுபவர்களில் பெரும்பாலோர் வாணலி காய்வதற்கு முன்பே பொருளை இட்டுவிடுகிறார்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு சொட்டு நீர் போதும். சூடு குறைவாக இருந்தால் துளி பரவிச் சீறி ஆவியாகும். ஏறத்தாழ 200 பாகையை நெருங்கும்போது அது உடையாமல் முத்துப்போல உருண்டு ஓடும். துளிக்கும் உலோகத்துக்கும் இடையே நீராவிப் படலம் ஒன்று உருவாகி அதைத் தாங்குவதே இதற்குக் காரணம். 1756-இல் இதை விளக்கி எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட்டின் பெயரால் இந்த விளைவு அறியப்படுகிறது. துளி உருண்டவுடன் எண்ணெய் விட்டு, இறைச்சியையோ மீனையோ வைத்து, அதைத் தொடாமல் காத்திருந்தால், மேற்புறம் முறுகியதும் அது தானாகவே விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டுத் திருப்பினால் பாதி வாணலியிலேயே தங்கிவிடும். முட்டைக்கு மட்டும் அந்தச் சூடு மிகை. காயவைத்தபின் தீயைத் தணித்து, சற்று ஆறவிட்டு, எண்ணெயைத் தாராளமாக விட வேண்டியிருக்கிறது. இங்கே ஒட்டுவதில் ஓர் ஆதாயமும் உள்ளது. அடியில் பிடித்த பழுப்புப் படலத்தின் மேல் சிறிது நீர் விட்டுச் சுரண்டினால் அதுவே சுவை மிகுந்த சாறாகிறது. எதுவுமே ஒட்டாத நான்ஸ்டிக்கில் இந்தச் சாறுக்கு இடமே இல்லை.

வார்ப்பிரும்பைப் பழக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தடவிச் சூடேற்றும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கரும் பூச்சாக மாறுகின்றன. அதன் மேல் சமைக்கச் சமைக்க அது வளர்கிறது. எண்ணெயைத் தடித்துப் பூசினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். இரும்புச் சட்டியில் சோப்புப் படவே கூடாது என்ற அறிவுரை, காரம் மிகுந்த பழங்காலச் சோப்புகளுக்குப் பொருந்தியது. இன்றைய பாத்திரத் திரவம் சிறிதளவு பட்டால் பழகிய பூச்சு போய்விடுவதில்லை. ஈரத்தோடு கவிழ்த்து வைப்பதுதான் உண்மையான தவறு. காய்ந்த சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது. திடீர் மாற்றத்தில் விரிசல் விட்டால் அதைச் சரிசெய்வது எளிதன்று.

புளிப்பு என்று வந்துவிட்டால் எவர்சில்வர் தனித்து நிற்கிறது. தக்காளியோ எலுமிச்சையோ நீண்ட நேரம் வேகும்போது வார்ப்பிரும்பின் பூச்சைக் கரைத்து, உணவில் உலோக வாடையை ஏற்றிவிடுகின்றன. சிறிதளவு இரும்பு உணவில் கலப்பதைச் சிலர் நன்மையாகவே கருதுகிறார்கள். சுவையில் அது துருத்திக்கொண்டு தெரிவதை நான் விரும்புவதில்லை. செம்பில் புளிப்பு நேரடியாகப் படுவது உடலுக்கே கேடு. வெள்ளீயம் தேய்ந்து செம்மை தெரியத் தொடங்கிய நாளிலிருந்து மறுபூச்சு இடும்வரை அந்த வாணலி ஓய்வெடுக்கத்தான் வேண்டும். எவர்சில்வருக்கும் ஒரு பகை உண்டென்றால் அது உப்பு. குளிர்ந்த நீரில் கொட்டிய உப்பு கரையாமல் அடியில் தங்கினால் நுண்ணிய குழிகள் விழும். நீர் சூடேறியபின் உப்பிட்டுக் கலக்கினால் போதும். வானவில் நிறத்தில் படியும் கறை வெறும் தோற்றம்தான், காடி தொட்டுத் துடைத்தால் அகலும்.

எடையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. நிரம்பிய வார்ப்பிரும்பு வாணலியை ஒரு கையால் தூக்கிச் சாய்த்து ஊற்ற முடியாத வயதோ மணிக்கட்டு வலியோ இருந்தால், மேலே சொன்ன சிறப்புகள் எல்லாம் ஏட்டளவில் நின்றுவிடும். அப்படிப்பட்டவர்களுக்குத் தகட்டிரும்பு வாணலி ஒரு நல்ல இடைவழி; வார்ப்பிரும்பைப் போலவே பழகும், அதைவிட மெல்லியதாக இருப்பதால் கைக்கு அடங்கும். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குச் செம்பும் வெறும் அலுமினியமும் பயன்படா. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். எவர்சில்வரிலும் எல்லா வகையும் காந்தத்தை ஈர்ப்பதில்லை என்பதால் வெளியடுக்கைச் சோதித்தே வாங்க வேண்டும்.

பெட்டி நிறையப் பத்து, பன்னிரண்டு உருப்படிகளாக வரும் தொகுப்புகளும் இந்தப் போட்டியில் ஒரு தரப்புதான். மூடிகளையும் தனித்தனி உருப்படிகளாகக் கணக்கிடுவதால் எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. ஒரே உலோகத்தில் எல்லாம் வருவதால், மேலே கண்ட வேறுபாடுகளில் எதுவுமே கிடைப்பதில்லை. பரணில் தூங்கும் பாத்திரங்களில் பெரும்பங்கு இப்படி வந்தவையே.

அடுப்பருகே இரண்டுக்குத்தான் இடம் என்றால், மூன்றடுக்கு எவர்சில்வரையும் வார்ப்பிரும்பையும் வைத்துக்கொள்வேன். புளிப்பும் சாறும் ஒன்றுக்கு, முறுகலும் நீடித்த சூடும் மற்றொன்றுக்கு. நாள்தோறும் முட்டை சமைப்பவர்கள் சிறிய நான்ஸ்டிக் ஒன்றை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் 20 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டியதில்லை. செம்பு வாணலியைக் கடைசியாக எப்போது அடுப்பில் ஏற்றினேன் என்று யோசித்தால் மாதக்கணக்கில் பின்னே போக வேண்டியிருக்கிறது. ஆயினும் மாதம் ஒருமுறை உப்பும் எலுமிச்சையும் கொண்டு அதன் வெளிப்புறத்தைத் தேய்த்து, கழுவித் துடைத்து, மீண்டும் ஆணியில் மாட்டிவிடுகிறேன். நான்கும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன என்று வீட்டில் அடுத்தமுறை கேட்டால், மூன்றுக்கு என்னிடம் விடை இருக்கிறது.