தோள்வரை நீளும் கையுறை, 100 எண்ணம் கொண்ட பெட்டி: மாட்டு டாக்டர் ஒருத்தியின் விமர்சனம்

இந்தக் கையுறைக்கு ஏற்கெனவே நிறையப் பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார். ஒருவர் மீன் தொட்டி கழுவ வாங்கியிருக்கிறார், ஒரு அக்கா தலைக்கு மருதாணி கலக்க, இன்னொருவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த மூடியை எடுக்க. எல்லோருக்கும் பரம திருப்தி. பெட்டியின் மேலேயே மாட்டுப் படம் போட்டு விற்கும் பொருளை மாட்டுக்குள் விட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட எழுதவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாடு பார்க்கிறவள். போர்டு மாட்டிய கிளினிக் எல்லாம் கிடையாது. சீட்டுக்கு அடியில் மருந்து, முன்னால் கால் வைக்கும் இடத்தில் சினை ஊசிக் குச்சிகள் (உறையவைத்த காளை விந்து) போட்ட நைட்ரஜன் கேன் (உள்ளே மைனஸ் 196 டிகிரி, வெளியே சித்திரை வெயில்), பைக்குள் இந்தக் கையுறை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாட்டுக்குக் கை விட்டுப் பார்ப்பேன், மாட்டுக்கு ஒரு உறை என்பது கணக்கு, ஆக ஒரு பெட்டி பத்து நாள்கூடத் தாங்காது. ஒன்று ஐந்து ரூபாய் சொச்சம். பார்த்ததற்குக் காசு எப்போது வரும் என்றால் "பால் காசு வந்ததும் குடுத்துடறேனுங்க டாக்டரம்மா". அதனால் உறையின் விலை எனக்குப் பெரிய விஷயம்தான், இந்தப் பெட்டியை வாங்கியதே மலிவு என்பதால்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீளம் சரியாக இருக்கிறது, விரல் நுனியில் இருந்து தோள் தாண்டி வருகிறது. சாதாரணமாகச் சினை பார்ப்பதற்கும் சினை ஊசி போடுவதற்கும் போதும். மெல்லிய பிளாஸ்டிக் என்பதால் உள்ளே இருப்பது விரலுக்குத் தெரிகிறது, இது முக்கியம், ஏனென்றால் இந்த வேலையில் கண்ணுக்கு வேலையே இல்லை. மலக்குடலின் சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பை கிடக்கும், அதைத் தடவியே எல்லாம் சொல்ல வேண்டும். பருவத்துக்கு வந்த மாட்டின் சினைப்பையில் பச்சைத் திராட்சை பதத்தில் ஒரு மெத்தென்ற மேடு. சினை நின்றிருந்தால் கருப்பையின் இரண்டு கொம்பில் ஒன்று பெருத்து, லேசாகக் கிள்ளித் தூக்கினால் உள்ளே இருக்கும் சவ்வு விரலிடுக்கில் வழுக்கிப் போகும். அந்த வழுக்கல் ஒரு நொடிதான். அதைக் கெட்டியான உறையில் பிடிக்கவே முடியாது, இதில் பிடிக்க முடிகிறது. பின்னால் நிற்கும் வீட்டுக்காரம்மா, "ஏனுங்க டாக்டரம்மா, நின்னுருச்சுங்களா?" என்று கேட்கும்போது தைரியமாகத் தலையாட்டலாம்.

இனி குறை. இதைத் தயாரித்தவர்கள் ஆம்பளைக் கையை மட்டும் நினைத்துச் செய்திருக்கிறார்கள். என் விரல் முடிந்து ஒரு அங்குலத்துக்கு மேல் காலியாகத் தொங்குகிறது. அந்தத் தொங்கல் மடங்கி விரல் நுனிக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டால், திராட்சையா கொட்டையா என்று எதைத் தடவிச் சொல்வது? இதற்கு நான் செய்வது: இந்த உறையைப் போட்டு, அதன் மேல் ஆறரை சைஸ் சர்ஜிக்கல் கையுறையை மணிக்கட்டுவரை போட்டுக்கொள்வது. விரல் கச்சிதமாகிவிடும். ஆனால் அதற்குத் தனிக் காசு.

அடுத்து, உறையின் ஓரத்தில் ஒட்டுப்போட்ட விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறது. முதல் நாளே ஒரு கிடாரிக்குப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தால் சாணத்தோடு ரத்தக் கோடு. அப்புறம்தான் கல்லூரியில் சீனியர் அக்கா ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது, உறையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள் என்று. திருப்பினால் அந்த விளிம்பு மாட்டுக்குப் பதில் என் கையை அறுக்கிறது, போகட்டும், மாட்டுக்கு வாய் இல்லை. தோளில் நிற்கவும் மாட்டேன் என்கிறது, நழுவி முழங்கைக்கு வந்து சுருண்டுகொள்ளும். கழுத்தில் மாட்டுகிற வார் வைத்த உறையும் சந்தையில் உண்டு, விலை அதிகம். நான் துணி காயப்போடும் கிளிப் ஒன்றைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் இடது கையில் வளையல் போடுவதே மூன்றாம் வருடப் படிப்போடு போன பிறகு இதில் என்ன அழகு.

வெயில் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் இதைப் போட்டு எடுத்தால் முழங்கையில் இருந்து வியர்வை கொட்டும். இது எல்லா உறைக்கும் உள்ளது, இதற்கு ஸ்டார் குறைக்கவில்லை.

ஸ்டார் குறைத்தது வேறு இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, கன்று எடுக்கும் வேலை. போன மாதம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். தலையீத்து, முன்னங்கால் இரண்டும் வெளியே, தலை மட்டும் பக்கவாட்டில் மடங்கி உள்ளே. அந்த வீட்டுப் பையன் செல்போன் வெளிச்சம் பிடிக்க, அவன் அம்மா என் கைமேல் தேங்காய் எண்ணெய் ஊற்ற, முன்னங்கால்களில் கயிறு போட்டுவிட்டு, கன்றை உள்ளே தள்ளி, மூக்கை உள்ளங்கையில் பொத்தித் தலையைத் திருப்ப வேண்டும். மாடு முக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் இடுப்பெலும்புக்கும் கன்றின் மண்டைக்கும் நடுவில் என் முழங்கைக்குக் கீழே நசுங்கி, விரல் மரத்து, எது என் விரல் எது கன்றின் காது என்றே தெரியாது. இந்த உறை மூன்றாவது முக்கலிலேயே கிழிந்து மணிக்கட்டில் கயிறாகத் திரிந்துகொண்டது. பிய்த்து எறிந்துவிட்டு வெறுங்கையோடு செய்தேன். கன்று பிழைத்தது. என் தோள்பட்டையை நாலு நாள் தூக்க முடியவில்லை. கன்று எடுக்க இந்தப் பெட்டி ஆகவே ஆகாது, தடித்த உறை தனியாக வாங்கி வையுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு உண்மையில் கோபம். ஏழு மாதச் சினை மாடு ஒன்று, "கன்னு வீசிருச்சுங்க" என்று கூப்பிட்டார்கள், அதாவது மாதம் நிறையும் முன்பே கரு கலைந்து வெளியே வந்துவிட்டது. மாடு கடைசி மாதங்களில் கன்று வீசினால் எந்த டாக்டருக்கும் முதலில் மனதில் வருவது புரூசெல்லா என்ற கன்று வீச்சு நோய்க் கிருமி. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் அந்தக் கிருமி ஏராளமாக இருக்கும், மனிதருக்கும் ஒட்டும். அவசரத்தில் மேல் கையுறை போடாமல் இதை மட்டும் போட்டுக் கை விட்டேன். பாதியில் கட்டை விரல் இடுக்கில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. எடுத்துப் பார்த்தால் விரல் இடுக்கில் ஒட்டு விட்டிருக்கிறது, உள்ளே பழுப்பு நீர் முழங்கைவரை. என் கூடப் படித்த ஒருத்தனுக்கு இப்படித்தான் வந்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், விடிந்தால் வியர்வையில் படுக்கை நனைந்திருக்கும், மூட்டெல்லாம் வலி. டைபாய்டு என்று இரண்டு ரவுண்டு மருந்து தின்ற பிறகு ஒரு டாக்டர் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார், அப்புறம்தான் சரியான பரிசோதனை. டாக்ஸிசைக்கிளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம். 1887-லேயே மால்டாவில் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன கிருமி, நம்மூர் மனித டாக்டர்களுக்கு இன்னும் கடைசியாகத்தான் ஞாபகம் வருகிறது. இத்தனைக்கும் 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கு ஒரே தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது. அதிலும் வேடிக்கை, அது உயிருள்ள கிருமி ஊசி, கன்று துள்ளி நம் விரலில் குத்திவிட்டால் நமக்கே நோய் வரலாம்.

கன்று வீசிய அந்த மாட்டின் ரத்தத்தைப் புரூசெல்லா இருக்கிறதா என்று பார்க்கும் ரோஸ் பெங்கால் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மூன்று வாரம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாயில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். (மாட்டுக்கு வைப்பது வேறு தெர்மாமீட்டர், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.) மாட்டுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது, எனக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஐந்து ரூபாய் உறையில் ஒட்டு விட்டதற்கு மூன்று வாரத் தூக்கம் போனது.

அதற்குப் பிறகு மீதி இருந்த பெட்டியில் பத்து உறையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கொடியில் தொங்கவிட்டேன். இரண்டு சொட்டியது. இரண்டுமே கட்டை விரல் இடுக்கில். அன்று மாடு காட்ட வந்திருந்த ஆத்தா ஒருவர் கொடியில் கைகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒண்ணு குடு, பருப்பு போட்டு வெச்சா வண்டு புடிக்காது" என்றார். சொட்டாத இரண்டைக் கொடுத்தேன்.

இன்னொன்று, வாங்குகிற டாக்டர்களுக்கு மட்டும்: கழற்றிய உறையைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வராதீர்கள். சாண வாசத்துக்கும் எண்ணெய் வாசத்துக்கும் அதை மாடு தின்னும். மாட்டின் வயிற்றை அறுத்துப் பிளாஸ்டிக் எடுத்தபோது உருண்டைக்கு நடுவில் ஐந்து விரல் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பையில் கட்டிக் கொண்டுவந்துவிடுங்கள்.

மொத்தத்தில் இரண்டரை ஸ்டார், பாதி போட வழி இல்லை என்பதால் மூன்று. சினை பார்க்க, ஊசி போட, மேலே சர்ஜிக்கல் கையுறையோடு வாங்கலாம். கன்று எடுக்கவும், கன்று வீசிய மாட்டுக்கும் வேண்டவே வேண்டாம். மீன் தொட்டிக்காரர்கள் தாராளமாக வாங்குங்கள், மீனுக்கு முக்கத் தெரியாது.