மத்தளத்தோடு மின்னணு ஒலி: பதிவுத் தடமா, நேரடி மாற்றமா?

மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்துவிட்டு, வாத்தியத்தோடு மின்னணு ஒலியைக் கலந்து எழுதுவதையே தொழிலாக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஒலித்தடத்தை முன்கூட்டியே செய்து வைத்து அதோடு கலைஞர் வாசிப்பது. இசையமைப்பாளர் மாரியோ டேவிடோவ்ஸ்கி பியானோவுக்கும் ஒலிநாடாவுக்கும் இப்படி எழுதிய படைப்புக்குத்தான் 1971இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. இசைக்குறிப்பையும் ஒலிக்கோப்பையும் அனுப்பினால் போதும், நீங்கள் மட்டக்களப்பில் இருக்க பெர்லினில் ஒருவர் வாசிக்கலாம். பெயர் பரவ இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் தடம் யாருக்காகவும் காத்திருக்காது. நம் மரபு ஆட்ட நாடகமான வடமோடிக் கூத்தில் ஆடுபவரின் காலடியைப் பார்த்துத்தான், கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளம் நீளும், இறுகும். அதைப் போய்க் கடிகாரத்தோடு கட்டினால் உயிரே போய்விடும். அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது: மைக்கில் வரும் மத்தள ஒலியை மடிக்கணினி அந்தக் கணமே பிடித்து, நீட்டி, அடுக்கித் திருப்பித் தரும். இதற்கு மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். செலவெல்லாம் நல்ல மைக்குக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும்தான். சரி, கஷ்டமும் இருக்கிறது. ஸ்பீக்கர் மைக்கைப் பார்த்திருந்தால் ஊளையிடும், ஒத்திகைக்கு நேரம் வேண்டும், பெரும்பாலும் நீங்களே கூடப் போகவேண்டும், அப்புறம் மென்பொருள் மாறினால் பாதியைத் திரும்ப எழுதவும் நேரலாம்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டுக்கு அனுப்ப வயலினுக்கோ வீணைக்கோ தடத்தோடு எழுதுங்கள். மத்தளத்தைத் தொடுவதென்றால் நேரடி வழிதான், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.