16ஆம் தொகுதியை முதலில் இறக்குங்கள்

நிறுவனங்களுக்குள் குழந்தைகள் மீது நடந்த பாலியல் வன்கொடுமையை ஐந்து வருடம் விசாரித்து, ஆஸ்திரேலிய ராயல் கமிஷன் (அரசு அமைத்த விசாரணை ஆணையம்) 2017 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இது. 17 தொகுதிகள், எல்லாமே இலவசம். நான் ஆசைப்பட்டு மொத்தத்தையும் இறக்கிவிட்டு மாதக்கணக்கில் திறக்கவே இல்லை. மத நிறுவனங்களைப் பற்றிய 16ஆம் தொகுதி போதும், அதுவே மூன்று புத்தகம்.

என்னை உள்ளே இழுத்தது அதிலுள்ள கணக்கு. கத்தோலிக்கத் திருச்சபைக்கு 1980 முதல் 2015 வரை வந்த புகார்களை அதன் அமைப்புகளிடமிருந்தே வாங்கி எண்ணியிருக்கிறார்கள்: 4,444 பேர். சம்பவத்துக்கும் புகாருக்கும் நடுவில் சராசரியாக 33 வருடம். அதாவது 10 வயதில் நடந்ததைச் சொல்ல வரும்போது ஆளுக்கு 43 வயது, அதற்குள் செய்தவர் செத்தே போயிருக்கலாம். "அப்போதே ஏன் சொல்லவில்லை" என்று கேட்பவர்களிடம் நான் இப்போது இந்தப் பக்கத்தைத்தான் நீட்டுகிறேன். ஒரு பங்கிலிருந்து (ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட சபை) இன்னொரு பங்குக்கு மாற்றியே குருக்களை ஆயர்கள் (பிஷப்புகள்) காப்பாற்றிய கதையும் விவரமாக இருக்கிறது.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைப் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். 1950க்குப் பிறகு 1,006 பேர் மீது வந்த புகார்களைக் கோப்பு போட்டு வைத்திருந்த சபை, ஒன்றைக்கூடப் போலீசுக்குக் கொண்டுபோகவில்லை. செய்தவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், சபை நடவடிக்கை எடுக்க இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டுமாம். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு இரண்டாவது சாட்சியை அந்தக் குழந்தை எங்கே போய்த் தேடும்?

சரி, குறை. படிக்கப் படிக்க நீளம் அலுக்கிறது. அப்புறம், கமிஷனிடம் தனியாகப் பேசும் தனி அமர்வுகளில் மத நிறுவனங்களைப் பற்றிப் பேசிய 4,029 பேரும் தாமாக முன்வந்தவர்கள், அதை வைத்து நாடு முழுக்க எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு 2021இல் வந்த பிரெஞ்சு அறிக்கைதான் மேல்: சுமார் 28,000 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, 1950 முதல் கத்தோலிக்கக் குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,16,000 பேர் என்று மதிப்பிட்டது. ஆனால் ஒரு நிறுவனம் எப்படி மூடி மறைக்கிறது என்பதைக் கோப்பு கோப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாதான்.

பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் ரகசியமாகப் பாவத்தை ஒப்புக்கொள்ளும் சடங்கு) கேட்டிருந்தாலும் குரு புகார் செய்தாக வேண்டும் என்ற பரிந்துரையை நிதானமாகப் படியுங்கள். 2018இல் அங்குள்ள ஆயர்கள் அறிக்கையின் பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டு, இதற்கு மட்டும் முடியாது என்றார்கள்.