அந்தேலியாஸ் தியாகிகள் சிற்றாலயம்: ஹரிசா போகிற வழியில் கட்டாயம் இறங்குங்கள்

லெபனான் வரும் நம்மாட்கள் ஹரிசா மாதா மலைக்குத் தவறாமல் போகிறார்கள். பெய்ரூட்டிலிருந்து அங்கே போகிற வழியிலேயே இருக்கிற அந்தேலியாஸில் யாரும் இறங்குவதில்லை. எனக்கு அது பெரிய மனத்தாங்கல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலோர நெடுஞ்சாலையை ஒட்டிய வளாகம். சிலிசியா (இன்றைய துருக்கியின் தென்பகுதி) ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையகம் இது. புனித கிரகோரியார் பேராலயம் அழகுதான், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் 1938-இல் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. 1915 முதல் ஒட்டோமான் துருக்கி அரசு ஊர் ஊராகக் கிளப்பிக் கொன்ற 15 லட்சம் ஆர்மீனியர்களின் நினைவிடம். சிரியாவில் தேர் எஸ்ஸோர் பாலைவனத்தில் கிடந்த எலும்புகளை எடுத்துவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். மண்டையோடுகள் கண்ணெதிரே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

எங்கள் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை காத்து நிற்போம். எந்தக் குழி யாருடையது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். இங்கே பேருமில்லை, ஊருமில்லை. இது இன்னார் என்று அடையாளம் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. தேர் எஸ்ஸோரிலேயே எழுப்பி 1991-இல் அர்ச்சித்த நினைவு ஆலயத்தையும் 2014-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு இந்த எலும்புகளைப் பார்த்தால் மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். 2015 ஏப்ரல் 23 அன்று ஆர்மீனியத் திருச்சபை இவர்கள் அத்தனை பேரையும் புனிதர்களாக அறிவித்தது. அதன்பின் இவர்களுக்காக இறந்தோர் மன்றாட்டு சொல்வதில்லை. எங்களுக்காகப் பரிந்து பேசுங்கள் என்று இவர்களிடம்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்கும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது.

என்னைக் கேட்டால் முதலில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சிலிசியா அருங்காட்சியகத்தைப் பாருங்கள். இந்தத் தலைமைப்பீடம் 1293 முதல் சிஸ் நகரத்தில் இருந்தது. இன்று அது துருக்கியில் கோசான். 1921-இல் பிரெஞ்சுப் படை சிலிசியாவை விட்டு விலகியதும் துறவிகளும் ஊரைவிட்டுக் கிளம்பவேண்டி வந்தது. உயிர் தப்பினால் போதும் என்ற நேரத்திலும் சுவடிகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் விடாமல் சுமந்து வந்திருக்கிறார்கள். 1930-இல் அந்தேலியாஸில் நிலைகொண்டார்கள். அமெரிக்க நிவாரண அமைப்பு ஆர்மீனிய அநாதைப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றிய இடம் இது. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிற்றாலயத்துக்குள் போனால், அந்த எலும்புகளை வெறும் காட்சிப்பொருளாகப் பார்க்க மனசு வராது.

தோள், முழங்கால் மறைய உடுத்திப் போங்கள். எலும்புகளைப் படமெடுக்க வேண்டாம், செல்ஃபி அறவே கூடாது. ஏப்ரல் 24 நினைவுநாளில் கூட்டம் அலைமோதும். நின்று நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் போங்கள்.

நேரமிருந்தால் அதே சாலையில் வடக்கே ஜுபைல்வரை போங்கள். டென்மார்க்கிலிருந்து வந்த மரியா யாக்கப்சன் ஆர்மீனியக் குழந்தைகளுக்காக நடத்திய 'பறவைக்கூடு' இல்லம் அங்கே இருக்கிறது. அந்த அம்மாவை அடக்கம் செய்ததும் அங்கேதான். அநாதைகளின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகத்தை 2015-இல் அங்கே திறந்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், ஹரிசாவை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.